ஞாயிறுதோறும் ஒன்று

பதினேழு வருடம் மஞ்சள் அறையில் நின்றேன்.
பாயான் லெப்பாஸ், ஜன்னல் இல்லாத கட்டடம்.
வெள்ளை வெளிச்சம் பட்டால் சிலிக்கான் தட்டு கெட்டுவிடுமாம்,
விளக்கெல்லாம் மஞ்சள்.
வெயிலின் நிறம் மட்டும் இருந்தது அங்கே.

தலை முதல் கால் வரை மூடிய உடுப்பு.
ரோஸ்னாவையும் என்னையும்
நடையை வைத்துத்தான் பிரித்துச் சொல்வார்கள்.
இரவு ஏழுக்கு உள்ளே, காலை ஏழுக்கு வெளியே.
கம்பெனி பஸ்ஸில் திரைச்சீலை, வீட்டில் அதைவிடத் தடித்தது.
பதினோராவது மாடிக் கம்பில் காயும் என் சட்டைதான்
எனக்கும் சேர்த்து வெயில் காய்ந்தது.

"பூமத்தியரேகைப் பக்கத்தில் இருந்துகொண்டு
வைட்டமின் டி பதினொன்றா?"
டாக்டர் ஹிடாயா தாளைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் வேறு ஆளின் ரத்தம் இருக்குமோ என்பதுபோல.
முப்பது இருக்கலாமாம்.
அதற்கு அடுத்த வரியில்
மூன்று மாதச் சர்க்கரை: எட்டு புள்ளி ஆறு.

நம் பேச்சில் சர்க்கரை என்றால்
பண்டமும் அதுதான், நோயும் அதுதான்.
ஞாயிறும் அப்படித்தான்.
வாரம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு.
எண்ணெய் நிரம்பிய சின்ன உருண்டை.
விளக்குக்கு நேரே பிடித்தேன்,
உள்ளே ஒரு மஞ்சள் அசைந்தது.
மறுபடியும் மஞ்சள் என்று சிரிப்பு வந்தது.

இரண்டாம் லைன் புஷ்பலீலா சொன்னாள்,
"இது போதும்டி, சர்க்கரை தானா இறங்கிடும்,
அந்த மெட்ஃபார்மினைத் தூக்கிப் போடு.
வயிறாவது நல்லா இருக்கும்."
வயிறு நல்லா இருந்தது.
பன்னிரண்டாம் நாள்
மெஷினின் எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.
விரலைக் குத்திப் பார்த்தால் பதினேழு.
வருடமா சர்க்கரையா என்று
ஒரு நொடி குழம்பினேன்.

டாக்டர் திட்டவில்லை. அதுதான் வலித்தது.
"அது இதற்குத் துணை, அவ்வளவுதான்.
மாற்று இல்லை," என்று
பழைய மாத்திரையை மறுபடி எழுதினார்.

மூன்று மாதம்.
டி முப்பத்து நான்கு. சர்க்கரை எட்டு புள்ளி ஒன்று.
"மாத்திரையாலா டாக்டர்?"
"இருக்கலாம். சில ஆய்வு ஆமாம் என்கிறது,
சிலது இல்லை என்கிறது.
வேறு என்ன மாற்றினீர்கள்?"

என்ன மாற்றினேன்.
தே தாரிக் போய் கோப்பி ஓ கொசோங் வந்தது.
நாசி லெமாக்கில் பாதி ரோஸ்னாவுக்குப் போனது,
அவளுக்கு இப்போது இடுப்பு கூடிவிட்டது, அது தனிக் கதை.
ஓய்வு நாளில் பத்து மணிக்கு
பிளாட்டின் கார் நிறுத்தும் இடத்தைச் சுற்றி
இருபது நிமிடம் நடக்கிறேன், கைச்சட்டையை மடித்து.

எங்கள் இன்ஜினியர் லிம்முக்கு ஒரே வேதம்:
ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.
இரண்டைத் தொட்டால்
எது சரிசெய்தது என்று எவருக்கும் தெரியாது.
பதினேழு வருடம் அதை மீறியதில்லை.
என் உடம்பில் மீறிவிட்டேன்.
அந்தப் புள்ளி ஐந்து
கோப்பிக்கா, காலுக்கா, உருண்டைக்கா?
மெஷினாக இருந்தால்
எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு
ஒவ்வொன்றாக ஆரம்பிக்கச் சொல்வார்.
இதை எப்படிப் பழையபடி வைப்பது?

"வெயில்ல நிக்காதே, இருக்கிற கருப்பு போதும்,"
பெண் பார்க்க வரும் வாரமெல்லாம் அம்மா சொன்னது.
முப்பது வருடம் குடை பிடித்தேன்.
கருப்புத் தோல் வெயிலை மெதுவாகத்தான் வாங்குமாம்,
கூடக் கொஞ்சம் நிற்க வேண்டுமாம்.
நிற்கிறேன்.
கீழ்வீட்டு ஆள் கேட்கிறார், "யாருக்குக் காத்திருக்கீங்க?"

நேற்று இரவு கையுறை மாட்டும்போது
ரோஸ்னா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.
கடிகாரம் இருந்த இடம் மட்டும்
வெளுத்துத் தெரிந்தது.
"இதையும் டாக்டரிடம் காட்டு," என்றாள்.